பரிசுக்கு முன்னால் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜனவரி கடைசியில், பிப்ரவரி தொடக்கத்தில், சாயங்கால நேரம் ஏதாவது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிப் பக்கம் போனீர்கள் என்றால் மைக் சத்தம் காதில் விழும். ஆண்டு விழா. மார்ச் பிறந்ததும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு. அதற்கு முன்னாலேயே செய்முறைத் தேர்வு வந்துவிடும். நடுவில் திருப்புதல் தேர்வுகள். இத்தனைக்கும் இடையில் கிடைக்கிற ஒரு நாளில்தான் வருடம் முழுக்கப் பிள்ளைகள் செய்ததைக் கூப்பிட்டுக் கொடுத்துக் கைதட்ட வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு நாளைப் பற்றியும், அதையொட்டிய வேலைகளைப் பற்றியும்தான் இன்று பேசப்போகிறேன். நாட்டியம், நாடகம் பற்றியெல்லாம் பேச நிறைய ஆள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பெயரைப் பற்றி. ஒரு பிள்ளையின் பெயரைச் சரியாக எழுதுவது, சரியாகக் கூப்பிடுவது. இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மேடையில் ஆசிரியர் ஒருவர் பட்டியலைப் பார்த்து வாசிக்கிறார்: "கட்டுரைப் போட்டி, முதல் பரிசு, எஸ். கார்த்திகா, பத்தாம் வகுப்பு." கூட்டத்தில் இரண்டு பெண்கள் எழுந்திருக்கிறார்கள். ஒருத்தி இரண்டடி வைத்துவிட்டு, மற்றவளைப் பார்த்துத் தயங்கி உட்கார்ந்துவிடுகிறாள். மைக்கில் பிரிவைக் கேட்கிறார்கள், "ஏ பிரிவா, பி பிரிவா?" பட்டியலில் பிரிவு எழுதவில்லை. சிறப்பு விருந்தினர் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார். கடைசியில் உட்கார்ந்தவளுக்குத்தான் பரிசு என்று தெரிகிறது. அவள் மறுபடி எழுந்து நடக்கும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தப் பரிசை வாங்கப்போகிற சந்தோஷம் அந்த அரை நிமிடத்தில் போய்விட்டது. இந்தக் காட்சியைப் பார்க்காத பெற்றோர் குறைவு.

இது ஏன் நடக்கிறது? 'எஸ்' என்ற ஓர் ஆங்கில எழுத்துதான் காரணம். ஒரு பெண்ணின் அப்பா சண்முகம். இன்னொருத்தியின் அப்பா செல்வராஜ். மூன்றாவதாக ஒரு கார்த்திகா இருந்தால் அவள் அப்பா சுப்பிரமணியனாகவோ சேகராகவோ இருப்பார். ஆங்கிலத்தில் எல்லாருமே எஸ். கார்த்திகா. தமிழில் எழுதிப் பாருங்கள்: ச. கார்த்திகா, செ. கார்த்திகா, சு. கார்த்திகா, சே. கார்த்திகா. நாலும் நாலு பேராகிவிட்டது! நம் எழுத்து உயிர்மெய் எழுத்து. முதலெழுத்து ஒன்றே அப்பா பெயரில் பாதியைச் சொல்லிவிடும். அப்பா ஞானசேகரன் என்றால் ஆங்கிலத்தில் 'ஜி' என்பார்கள். கணேசன் மகளும் 'ஜி'தான், கோவிந்தன் மகளும் 'ஜி'தான். தமிழில் ஞா., க., கோ. குழப்பமே கிடையாது. பள்ளிப் பதிவேடுகளில் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சொன்னபோது, அதை மொழிப்பற்று என்று மட்டும் பலர் எடுத்துக்கொண்டார்கள். பதிவேடு எழுதுகிறவர்களைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்வார்கள். அம்மா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதையும் பதிவேட்டில் இருக்கிறபடியே எழுத வேண்டும். மேடையில் நாமாக மாற்றி வாசிக்கக் கூடாது.

ஆகவே பரிசுப் பட்டியல் தயாரிக்கும்போது நாலு விவரம் கட்டாயம்: தமிழ் முதலெழுத்தோடு பெயர், வகுப்பு, பிரிவு, போட்டியின் பெயர். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். போட்டி நடந்த அன்று நடுவர் கையால் கிறுக்கிய துண்டுத்தாளைப் பார்த்து எழுதினால் 'தமிழ்ச்செல்வி' 'தமிழ்ச்செல்வன்' ஆகிவிடும். எழுதி முடித்ததும் விழாவுக்கு மூன்று நாள் முன்னால் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளைவிடச் சிறந்த பிழை திருத்துநர் யாரும் இல்லை. ஒரே இடைவேளையில் எல்லாத் தப்பும் வெளியே வந்துவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. நடுத்தரமான ஒரு பள்ளியில் 120 பரிசு என்று வையுங்கள். பெயர் கூப்பிட்டு, பிள்ளை கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, படியேறி, வாங்கி, படம் எடுத்து இறங்க அரை நிமிடம். 120 பரிசுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் சாயங்காலம் 3 மணிக்கே அரிதாரம் பூசிக்கொண்ட சின்னப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் பசியோடு தூங்கி விழுவார்கள். இதையே பாதியாகக் குறைக்கலாம். பரிசு வாங்குகிறவர்களைப் பட்டியல் வரிசையிலேயே மேடைக்கு இடப்பக்கம் உட்கார வையுங்கள். ஒருவர் பெயரை வாசித்ததும், "அடுத்து தயாராக" என்று அடுத்தவர் பெயரையும் சொல்லுங்கள். ஏறுகிற படி ஒரு பக்கம், இறங்குகிற படி மறுபக்கம். நாலைந்து பரிசு வாங்குகிற பிள்ளையை ஐந்து தடவை ஏற வைக்காமல் ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

பரிசு மேசையில்தான் பெரிய தப்பு நடக்கும். பொட்டலத்தின் மேல் பட்டியல் வரிசை எண்ணைத் தடித்த பேனாவால் எழுத வேண்டும். சான்றிதழையும் அதோடு ரப்பர் பேண்டு போட்டு இணைத்துவிட வேண்டும். 37-ஆம் எண் பிள்ளை அன்று வரவில்லை என்று வையுங்கள். அந்தப் பொட்டலத்தை அப்போதே மேசைக்கு அடியில் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் 38-க்கு 37-இன் பரிசு, 39-க்கு 38-இன் பரிசு என்று கடைசி வரை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவன் கோலப்போட்டிச் சான்றிதழோடு வீட்டுக்குப் போவான். மேசையில் இரண்டு பேர் போதும். ஒருவர் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவர் எடுத்து நீட்ட வேண்டும். உதவிக்கு என்று ஐந்து பேர் நின்றால் குழப்பம்தான்.

சான்றிதழ் எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா மை உடனே காயாது. எழுதியவுடன் அடுக்கினால் ஒன்றின் பெயர் இன்னொன்றின் முதுகில் பதிந்துவிடும். பரப்பி வைத்துப் பதினைந்து நிமிடமாவது காயவிடுங்கள், இல்லையென்றால் பந்துமுனைப் பேனாவில் எழுதுங்கள். பரிசு என்ன கொடுப்பது என்று கேட்டால், எவர்சில்வர் டம்ளருக்கும் தட்டுக்கும் நான் எதிரி இல்லை. வீட்டில் பெயர் பொறித்த தட்டில் சாப்பிடுவது பிள்ளைக்குப் பெருமைதான். ஆனால் புத்தகம் கொடுத்தால் முதல் பக்கத்தில் பெயரையும் எதற்காகக் கொடுத்தோம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். திரும்பவும் பெயர்!

இனி, எதற்குப் பரிசு கொடுப்பது? முதல் மூன்று ரேங்க் மட்டும்தான் சாதனை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 2017-இல் பொதுத்தேர்வு முடிவில் மாநில அளவு முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தையே அரசு நிறுத்திவிட்டது. பள்ளிக்குள் நாம் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? காலாண்டுத் தேர்வில் கணக்கில் 22 வாங்கிய பையன் அரையாண்டில் 51 வாங்கினால், அது 95 வாங்கியவன் 97 வாங்கியதைவிடப் பெரிய உழைப்பு. முன்னேற்றப் பரிசு என்று வகுப்புக்கு ஒன்று வையுங்கள். மதிப்பெண் பதிவேட்டில் இரண்டு பத்திகளைக் கழித்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும், செலவும் இல்லை.

வருகைக்குப் பரிசு கொடுப்பது நல்லது. ஆனால் நூற்றுக்கு நூறு என்று வைக்காதீர்கள். பரிசு போய்விடுமே என்று காய்ச்சலோடு பிள்ளை பள்ளிக்கு வரும், பக்கத்து பெஞ்சுக்கும் ஒட்டிக்கொள்ளும். 95 விழுக்காடு என்று வையுங்கள். 210 வேலை நாள் என்றால் பத்து நாள் விடுப்புக்கு இடம் இருக்கிறது. இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மாவட்ட அளவில் கபடி ஆடப் போன பிள்ளைக்கும், கலைத் திருவிழாவுக்குப் போன பிள்ளைக்கும் பதிவேட்டில் 'ஓடி', அதாவது பள்ளி வேலையாக வெளியே போனதற்கான 'ஆன் டியூட்டி', போட வேண்டும். மறந்துபோய் 'ஆப்சென்ட்' விழுந்தால் பள்ளிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவளுக்கே வருகைப் பரிசு போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பில் இது பரிசோடு நிற்பதும் இல்லை. அக மதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் வருகைக்கு மட்டும் 2 இருக்கிறது. 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் அந்த இரண்டும். போட்டிக்குப் போய்வந்த மறுநாளே வகுப்பாசிரியரிடம் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாதக் கூட்டல் போட்ட பிறகு திருத்துவது சிரமம்.

மதிப்பெண் என்று வந்துவிட்டதால் பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அறிவியலில் மொத்தமாக 35 வந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். செய்முறைக்கு 25-இல் 15, எழுத்துத் தேர்வுக்கு 75-இல் 20, இரண்டும் தனித்தனியாக வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வராமல் விட்ட பிள்ளை எழுத்தில் 60 வாங்கினாலும் தேர்ச்சி கிடையாது. பிப்ரவரியில் செய்முறை நடக்கும் அந்த ஒரு நாள், உறவில் கல்யாணம் என்று அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

பெயருக்கே திரும்ப வருகிறேன். மேடையில் பெயர் தப்பினால் அரை நிமிட வருத்தம். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலில் தப்பினால் பல வருட அலைச்சல். அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகிற அந்தப் பட்டியலில் இருக்கிறபடிதான் நுழைவுச்சீட்டும் மதிப்பெண் சான்றிதழும் அச்சாகும். விவரம், பள்ளிக் கல்வித் துறை எல்லாப் பிள்ளைகளின் விவரத்தையும் பதிந்து வைக்கிற எமிஸ் இணையதளத்திலிருந்து போகிறது. எமிஸில் ஆறாம் வகுப்பில் யாரோ அவசரத்தில் தட்டச்சு செய்த 'முத்துலெட்சுமி' அப்படியே இருக்கும். பிறப்புச் சான்றிதழில் 'முத்துலட்சுமி', ஆதாரில் 'முத்துலக்ஷ்மி'. ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். ஆங்கிலத்தில் இன்னும் மோசம். கார்த்திகாவுக்கு ஒரு காகிதத்தில் 'டி ஹெச்', இன்னொரு காகிதத்தில் வெறும் 'டி'. பட்டியலின் நகலை வகுப்பில் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது பிள்ளை தன் பெயரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடும். பிழை தப்பிப்போகிற இடம் அதுதான். பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், பயிற்று மொழி, புகைப்படம். பட்டியல் போவதற்கு முன்னால் திருத்தினால் பள்ளியிலேயே ஐந்து நிமிட வேலை. சான்றிதழ் அச்சான பிறகு என்றால் விண்ணப்பம், அலுவலகம், அரசிதழ் என்று நீளும்.

தேர்வு மையங்களில் நடக்கும் ஒரு வேலையைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். தேர்வுக்குச் சில நாள் முன்னால் ஒரு வகுப்பறையில் தையல் எந்திரம் ஓடும். சீருடை தைக்க அல்ல. ஒவ்வொரு பிள்ளையின் படமும் பதிவெண்ணும் அச்சான முகப்புத் தாளை விடைத்தாளோடு வைத்துத் தைப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு ஒன்று. தையல்காரர் ஒரு ஓரத்தில் கடகடவென்று ஓட்டிக்கொண்டே போவார், ஆசிரியர்கள் பதிவெண் வரிசையில் அடுக்கிக்கொண்டே வருவார்கள். தேர்வு நாளில் 10 மணிக்கு வினாத்தாள் வந்ததும் முதல் பத்து நிமிடம் அதைப் படிக்க. அடுத்த ஐந்து நிமிடம் இந்த முகப்புத் தாளைச் சரிபார்க்க. 10.15-க்குத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் படம் தன்னுடையதா, பதிவெண் சரியா, பாடம் சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்து. மாறி வந்திருந்தால் உடனே கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். பயந்துகொண்டு பேசாமல் எழுதிவிடக் கூடாது.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. மாற்றுச் சான்றிதழ் பற்றியும் உதவித்தொகைத் தேர்வுகள் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில், மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேர்வாகிற 1,500 பேருக்கு இரண்டு வருடம் மாதம் 1,500 ரூபாய். இரண்டுக்கும் வங்கிக் கணக்கில் இருக்கிற பெயரும் பள்ளிப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழை வாங்கியதும் அலுவலக மேசையிலேயே நின்று படியுங்கள். பிறந்த தேதி எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாக இருக்கும், அதை அங்கேயே திருத்தி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாக வையுங்கள், லேமினேட் செய்யாதீர்கள். வணக்கம்.