பதினாறு இடத்து நெருப்பு

வணக்கம் நேயர்களே.

குஜராத் கடலோரத்தில் உத்வாடா என்று ஒரு சின்ன ஊர். அங்கே பார்சிகளின் கோயிலில் எரியும் நெருப்புக்கு இரான்ஷா என்று பெயர். இரானைவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள் சஞ்சான் கரையில் ஏற்றிய நெருப்பு. படையெடுப்பு வந்தபோது அதை மலைக்குகையில் வைத்துக் காத்தார்கள். அப்புறம் ஊர் ஊராகச் சுமந்துபோய், 1742-இல் உத்வாடாவில் வைத்தார்கள். சஞ்சானில் ஏற்றிய நாள் முதல் அது அணைந்ததே இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

இதைச் சொன்னால், "ஓ, தீயைக் கும்பிடுகிறவர்களா?" என்பார்கள். அந்தப் பேச்சை மாற்றத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

அவர்கள் வணங்குவது அஹுரா மஸ்தா என்ற ஒரே கடவுளை. நெருப்பு அவருடைய ஒளிக்கு அடையாளம். இதை அறிவித்தவர் ஜரதுஷ்டிரர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவர் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். காலம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அவர் பாடியவை என்று கருதப்படும் 17 பாடல்கள் காதாக்கள். அவற்றின் மொழி ரிக்வேத சமஸ்கிருதத்துக்குச் சொந்தத் தங்கை மாதிரி. இங்கே யக்ஞம், அங்கே யஸ்ன. இங்கே சோமம், அங்கே ஹவோம. ஆனால் நம் புராணத்தில் தேவர் நல்லவர், அசுரர் கெட்டவர் அல்லவா? அங்கே அப்படியே தலைகீழ். அஹுரா என்பது அசுரன் என்ற அதே சொல், தேவர் என்பதற்கு இணையான தயேவர்கள்தான் தீயவர்கள். எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

அவர்கள் பார்வையில் உலகம் அஷா என்ற உண்மைக்கும் துருஜ் என்ற பொய்க்கும் நடக்கும் போர். மனிதன் இதில் வேடிக்கை பார்க்க முடியாது, பக்கம் எடுத்தாக வேண்டும். நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்று வாழ்கிறவர் கடவுளோடு சேர்ந்து வேலை செய்கிறவர். சாவுக்குப் பின் தீர்ப்பு, கடைசியில் எல்லோரும் உயிர்த்தெழுதல் என்ற கருத்துகள் யூத, கிறித்தவ, இசுலாமிய மரபுகளுக்கு ஜரதுஷ்டிரரின் மதத்திலிருந்து போயிருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சரி, நெருப்புக்கு வருவோம். இரான்ஷா போன்ற உயர்நிலைத் தீயை ஆதஷ் பெஹ்ராம் என்பார்கள். அதை உண்டாக்கப் பதினாறு இடத்து நெருப்பு வேண்டும். குயவர் சூளை, கொல்லர் உலை, பொற்கொல்லர் பட்டறை, ரொட்டி சுடும் அடுப்பு, ஆட்டிடையர் மூட்டிய தீ, மின்னல் விழுந்து பற்றிய மரம், பிணம் எரியும் சிதை, இப்படிப் பதினாறு. பிணம்தான் அவர்களுக்குப் பெரிய தீட்டு. ஆனாலும் அந்த நெருப்பை ஒதுக்கவில்லை. துளையிட்ட கரண்டியில் சந்தனச் சிராய்களை வைத்து, தீயைத் தொடாமல் மேலே பிடிப்பார்கள். வெக்கையிலேயே சிராய் பற்றிக்கொள்ளும். அந்தப் புதுத் தீயின் மேல் மறுபடி கரண்டி. சிதை நெருப்பை இப்படி 91 முறை தூய்மை செய்ய வேண்டும்.

இத்தகைய தீ இந்தியாவில் எட்டு, இரானின் யஸ்த் நகரில் ஒன்று. சென்னை ராயபுரத்தில் 1910-இல் எழுந்த பார்சி கோயிலில் இருப்பது இதற்குக் கீழ்நிலைத் தீ. என்றாலும் அதையும் அணையவிடாமல்தான் காக்கிறார்கள்.

காக்க ஆள் குறைந்து வருவதுதான் கவலை. 2001-இல் இந்தியாவில் பார்சிகள் 69,601 பேர், 2011-இல் 57,264. வேற்று மதத்தவரை மணந்த பெண்ணின் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று அவர்களுக்குள்ளேயே வழக்காடுகிறார்கள். சேர்த்தால் நல்லது என்பது வெளியே நிற்கும் என் ஆசை, முடிவு அவர்களுடையது.

நாளுக்கு ஐந்து பொழுது, நடுராத்திரிப் பொழுது உட்பட, குருக்கள் எழுந்து வருகிறார். மூச்சுக்காற்று படாமல் வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு விறகு வைக்கிறார். மணி அடிக்கிறார். கெட்ட எண்ணத்தை விலக்க ஒன்று, கெட்ட சொல்லை விலக்க ஒன்று, கெட்ட செயலை விலக்க ஒன்று.

நன்றி. வணக்கம்.