கட்டைவிரல் மலை: எத்தனை மணிக்குத் திரும்பணும்?

[காட்சி: போர்ட் லூயிஸ் கூரைகள், பின்னால மலைத்தொடர்]

மொரீஷியஸ் தீவோட தலைநகர் போர்ட் லூயிஸ்ல நின்னு மலைப்பக்கம் பாருங்க. கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுற மாதிரி ஒண்ணு தெரியுதா? அதுதான் லெ பூஸ். பிரெஞ்சுல பூஸ்னா கட்டைவிரல். 812 மீட்டர் உயரம். 1836 மே மாசம் பீகிள் கப்பல்ல வந்த சார்ல்ஸ் டார்வினும் இதுல ஏறியிருக்கார்.

அந்தப் பக்கம் தலையில உருண்டைப் பாறையோட நிக்கிறது பீட்டர் போத். 1615ல இந்தத் தீவுக்கிட்ட கப்பல் உடைஞ்சு செத்துப்போன டச்சுக் கவர்னர் பேரு. அந்தத் தலையில ஏறக் கயிறும் வேணும், தொழில் தெரிஞ்ச ஆளும் வேணும். நமக்குக் கட்டைவிரலே போதும்.

[காட்சி: கரும்புக்கு நடுவுல செம்மண் பாதை, நாலு பேர்]

மோக்காங்கிற ஊர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்துல ஆரம்பிப்போம். ஜூன் மாசம். ஊர்லேருந்து வேலைக்கு வந்த நண்பன் ஒருத்தன், "ஜூன்ல ஸ்வெட்டரா மச்சான்?"னு சிரிச்சான். இங்க அதுதான் குளிர்காலம். மேல போனதும் தென்கிழக்குக் காத்து அடிச்சுது, சிரிப்பு நின்னுடுச்சு. காவடி எடுக்கிற தை மாசம் இங்க புயல் காலம். அப்போ வானிலை அறிவிப்பு கேக்காம கிளம்பாதீங்க.

பாதையோரம் குட்டிக் குட்டிச் சிவப்புக் கொய்யா பழுத்திருக்கும். எல்லாரும் சீனக் கொய்யாம்பாங்க. செடி வந்தது என்னமோ பிரேசில்லேருந்து! நம்ம காட்டு மரங்களை நெருக்கிக்கிட்டுப் பரவுது. அதனால பறிச்சுத் தின்னா பாவமில்லை.

[காட்சி: செங்குத்துப் பாறை, கை ஊனி ஏறுறாங்க]

கடைசித் துண்டுதான் விரல் நுனி. கையும் ஊனணும். நாங்க மாட்டிக்கிட்டது இங்கதான். மத்தியானம் 2 மணிக்கு மேல கிளம்பி, ஊர் நண்பனுக்காக நின்னு நின்னு, உச்சி தொடும்போது நாலரை. ஜூன்ல இங்க 6 மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும். நம்ம பக்கத்து வானத்துல சூரியன் கிட்டத்தட்ட நேரா இறங்குறதால அந்தி நீளாது, அரை மணிக்குள்ள இருட்டிடும். நாலு பேருக்கு ஒரே ஒரு போன் வெளிச்சம். அதுவும் 11 சதவீதம் சார்ஜ்.

[வரைபடம்: தொடைத் தசை]

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குது. இறங்கும்போது அதே தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்கி பிரேக் போடணும். மூச்சு வாங்காது, ஆனா தசை நார்ல நுணுக்கமான காயம் விழும். ரெண்டு நாளைக்கு மாடிப்படி இறங்க முடியாம முனகுறது இதனாலதான். களைச்ச தொடை நடுங்கும், கால் தப்பும். காலடியில இருக்கிறதோ எரிமலைப் பாறை மக்கின செம்மண். ஈரம் பட்டா சோப்புதான்.

அதனால வீட்டுலேருந்து கிளம்பும்போதே திரும்புற நேரத்தை முடிவு பண்ணிடுங்க. அந்த நேரம் வந்துட்டா, உச்சி பத்தடியில இருந்தாலும் திரும்பிடணும். பத்தடிங்கிறப்பதான் சண்டை வரும், எங்களுக்கும் வந்துச்சு. ஆளுக்கொரு டார்ச், ரெண்டு லிட்டர் தண்ணி. மெதுவா நடக்கிறவர் முன்னாடி போகட்டும். பின்னாடி விட்டா, அவர் வந்து சேர்ற நேரம் நாம ஓய்வெடுத்து முடிச்சிருப்போம், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

[காட்சி: காலை, அதே கரும்புத் தோட்டம்]

இப்போ 7 மணிக்கே இங்க நிப்போம். ஊர் நண்பன்தான் முன்னாடி. கொய்யா கண்டா நிக்கிறான். எங்களுக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்குது, வெளியில சொல்றதில்லை.