கட்டை இறங்கிய பிறகு

நண்பர்களே, வணக்கம்.

பாப் இசை இளவட்டங்களின் கலை என்றொரு நினைப்பு இருக்கிறது. பொய் என்று சொல்லிவிட முடியாது. ரசிகர்கள் மனத்தில் தங்கிய பாட்டுகளில் பெரும்பாலானவை பாடகர் முப்பதைத் தாண்டுமுன் பிறந்தவை. சிக்கல் அதற்குப் பிறகுதான். அறுபது வயதில் மேடையேறும் பாடகருக்குப் போட்டி, புதிதாக வந்த பையன்கள் அல்ல. இருபத்தைந்து வயதில் பதிவாகிவிட்ட அவருடைய சொந்தக் குரல். அதற்கு மூச்சு வாங்காது, தொண்டை கட்டாது. ரசிகர் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டுதான் அரங்குக்கு வருகிறார்.

அந்தக் குரலைத் துரத்திப் பிடிக்க முடியாது. கட்டையை, அதாவது சுருதியை, இறக்கிப் பாடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானுக்கு 1987-இல் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் கனத்துவிட்டது. பழைய உச்சஸ்தாயி இடங்களைக் கீழே மாற்றிப் பாடினார். பாட்டுகள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கனடியப் பாடகி ஜோனி மிட்செல் கதை இதைவிட ஆழம். 'போத் சைட்ஸ் நவ்' எழுதியபோது அவருக்கு வயது 23. மேகம், காதல், வாழ்க்கை மூன்றையும் இரண்டு பக்கமிருந்தும் பார்த்தாயிற்று என்று சொல்கிற பாட்டு. 1969-இல் அவரே பாடிய பதிவு தெளிந்த மேல்ஸ்தாயி, அழகான கிட்டார். குறை சொல்ல இடமில்லை. ஆனாலும், இந்த வயதில் அப்படி எதைப் பார்த்துவிட்டாய் அம்மா என்று கேட்கத் தோன்றும். 2000-இல், 56 வயதில், முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு மறுபடி பதிவு செய்தார். ஆண்டுக்கணக்கில் புகைத்த குரல், எங்கோ கீழே இறங்கி, கரகரத்து, நிதானமாக வருகிறது. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு வாய் வராது. பாட்டு அதேதான், பாடகி வந்து சேர முப்பது வருஷம் பிடித்திருக்கிறது.

2015-இல் அவருடைய மூளையில் ரத்தக்குழாய் வீங்கிப் பாதிப்பு ஏற்பட்டது. நடக்கவே திரும்பக் கற்க வேண்டிய நிலை. கிட்டாரில் விரலை எங்கே வைப்பது என்பதைத் தன் பழைய வீடியோக்களைப் பார்த்துத்தான் மீண்டும் கற்றார். போட்டிக்காரி என்று சொன்னேனே, அந்த இளம் ஜோனிதான் இங்கே வாத்தியார். 2022-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் கிட்டாரோடு மேடையில் இருந்தார்.

சரி, புதிதாகப் படைப்பது? பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி 2014-இல் நியூயார்க்கின் சின்ன ஜாஸ் கிளப் ஒன்றில் சாக்ஸபோன் கலைஞர் டானி மெக்காஸ்லின் குழுவைக் கேட்டார். அவர்களையே அழைத்து 'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். 2016 ஜனவரி 8, அவருடைய 69-ஆம் பிறந்தநாளில் அது வெளியானது. இரண்டே நாளில் காலமானார். அதனால் எல்லோரும் அந்த ஆல்பத்தில் மரணத்தையே தேடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஆள் தேர்வு. பழைய ராக் கூட்டாளிகளைக் கூப்பிட்டிருந்தால் பழைய வாசிப்பும் கூடவே வந்திருக்கும்.

அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் வேறு வழியில் போனார். 1993-க்குப் பின் பாப் ஆல்பமே எழுதவில்லை. ஆனால் 2014 முதல் பத்தாண்டு, கொரோனாக் கால இடைவெளி போக, மாதம் ஒருமுறை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கைப் பழைய பாட்டுகளால் நிறைத்தார். இதைச் சோம்பல் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சொல்ல ஒன்றுமில்லாதபோது வருஷத்துக்கு ஓர் ஆல்பம் தள்ளுவதைவிட இது யோக்கியமான காரியம்.

2024 பிப்ரவரி கிராமி இசை விருது விழாவில், தன்னைவிட இளைய பாடலாசிரியர்களோடு சேர்ந்து எழுதிய புதுப் பாட்டை ஜோயல் பாடினார். அதே இரவில் ஜோனியும், 80 வயதில், உட்கார்ந்தபடி 'போத் சைட்ஸ் நவ்' பாடினார். ஜோயலின் பாட்டு நன்றாகவே இருக்கிறது. ஆனால் 1970-களில் அவர் எழுதிய மெட்டுகளின் சாயல் அதில் தூக்கல். இரண்டில் எனக்குப் புதிதாகக் கேட்டது ஜோனி பாடியதுதான்.