“அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்” என்றார்கள்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களாக இந்தச் சேனலில் நான் பேசவில்லை. அமெரிக்க இடைக்காலத் தேர்தல் நடந்த 2022 நவம்பர் 8-ஆம் தேதி இரவுக்குப் பிறகு கேமரா முன்னால் உட்கார மனம் வரவில்லை. கோபத்தில் வாயைத் திறந்தால் பாவத்தில் விழுவேன் என்று பயந்தேன். ஆனால் 2023 புத்தாண்டு அன்று, அப்போது முன்னாள் அதிபராக இருந்த டிரம்ப் எழுதிய பதிவைப் படித்த பிறகு, இனியும் வாய் மூடி இருக்க முடியவில்லை.

அவர் எழுதியதன் சாரம் இது. இடைக்காலத் தேர்தலில் குடியரசுக் கட்சி எதிர்பார்த்தபடி வெல்லாததற்கு அவர் காரணம் இல்லை. கட்சிக்காரர்கள் பலர் கருக்கலைப்பு விவகாரத்தை மோசமாகக் கையாண்டதுதான் காரணம். பல பத்தாண்டுகளாக அதை எதிர்த்தவர்களோ, உச்ச நீதிமன்றத்தில் கேட்டதைப் பெற்றுக்கொண்டு காணாமல் போய்விட்டார்கள்.

உச்ச நீதிமன்றத்துக்கு அவர் நியமித்த மூன்று நீதிபதிகளுக்காக நான் முழங்காலில் நின்று நன்றி சொன்னவள். அந்த நன்றி இன்றும் மாறவில்லை. அதனால்தான் இந்தச் சொல் இவ்வளவு சுடுகிறது.

நாங்கள் எங்கே இருந்தோம் என்று சொல்கிறேன். அக்டோபர் மாதத்தின் எல்லாச் சனிக்கிழமைகளிலும் மிச்சிகன் மாநிலத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு மாலைகள், எங்கள் திருச்சபையார் நடத்தும் கர்ப்பிணிகள் உதவி மையத்தில் டயப்பர் பெட்டிகளை அளவு பார்த்து அடுக்கினேன். என்னோடு எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா வந்தார். முழங்கால் வலியோடு ஒவ்வொரு வீட்டுப் படியிலும் ஏறினார். மாலையில் காரில் உட்கார்ந்த பிறகுதான் காலை நீட்டுவார். அவரைப் பார்த்தா காணாமல் போனவர் என்று சொல்கிறீர்கள்?

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1973 ஜனவரி 22 அன்று ரோ எதிர் வேட் வழக்கில் வந்த தீர்ப்பு, அமெரிக்கா முழுவதும் கருக்கலைப்பை உரிமையாக்கியது. 49 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடமே விட்டது. எங்கள் மிச்சிகனில் 1931-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. தாயின் உயிரைக் காக்க வேண்டிய நிலை தவிர மற்ற எல்லா நேரத்திலும் கருக்கலைப்பைத் தடை செய்த சட்டம் அது. அதைச் செல்லாததாக்கிக் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதுவதற்கு எதிர்த்தரப்பு மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்ததுதான் மூன்றாம் முன்மொழிவு. ஏழு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டிவிட்டார்கள்.

அப்போது நம் பக்கம் என்ன செய்தது? மனுவில் சொற்களுக்கு நடுவே இடைவெளி சரியாக இல்லை என்று வாதிட்டது. ஆகஸ்ட் கடைசியில், வாக்குச்சீட்டில் அதைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்யும் வாரியத்தில் குடியரசுக் கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். இரண்டுக்கு இரண்டு என்று அது முடங்கியது. ஒரு வாரத்தில் மாநில உச்ச நீதிமன்றம், வாக்குச்சீட்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. கருவில் இருப்பது ஓர் உயிர் என்று மக்களிடம் பேச வேண்டிய கோடை முழுவதையும் எழுத்துகளின் இடைவெளியில் செலவழித்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தத் தீர்ப்பு வந்த கையோடு, ஆளுநர் பதவிக்கு நம் கட்சியின் வேட்பாளராக நின்ற டியூடர் டிக்சன் ஒரு ட்வீட் போட்டார். இனி நீங்கள் ஜனநாயகக் கட்சி ஆளுநர் விட்மரின் கருக்கலைப்புத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, அவருக்கு எதிராகவும் வாக்களிக்கலாம் என்பது அதன் பொருள். அதை மூன்று முறை படித்தேன். அவர் கருக்கலைப்பை எதிர்ப்பவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எதிர்க்க வேண்டிய ஒன்றுக்குத் தாராளமாக ஆதரவு கொடுங்கள், எனக்கு மட்டும் வாக்கைத் தாருங்கள் என்று ஒரு தலைவர் கேட்கும்போது, நான் எந்த வாயோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

வீடு வீடாகச் செல்லும் குழுவை நடத்தியவர் முதல் நாளே கையில் ஒரு தாள் கொடுத்தார். பெட்ரோல் விலை, விலைவாசி, பள்ளிகள், குற்றங்கள். மூன்றாம் முன்மொழிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். “அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்களாகவே கேட்டால், மக்கள் தீர்மானிப்பார்கள் என்று சொல்லிவிட்டு விலைவாசிக்கு வந்துவிடுங்கள்” என்றார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு வீடு. இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் கதவைத் திறந்தார். நான் பேசியதை முழுவதும் கேட்டார். சண்டை போடவில்லை. “இவன் பிறந்து மூன்றாவது வாரமே நான் வேலைக்குப் போனேன். தையல்கூட ஆறவில்லை. உங்கள் கட்சி வந்தால் எனக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கிடைக்குமா?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுப்புத் தருகிறது, ஆனால் சம்பளம் கிடையாது. சிறிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு அதுவும் இல்லை. நம் கட்சியைச் சேர்ந்த செனட்டர் மிட் ராம்னி 2022-இல் ஒரு திட்டம் வைத்தார். கர்ப்பத்தின் கடைசி நான்கு மாதங்களுக்கு மாதம் 700 டாலர். குழந்தை பிறந்த பிறகு ஆறு வயது வரை மாதம் 350 டாலர். கருவையே ஒரு குழந்தையாக எண்ணி உதவித்தொகை கொடுக்கும் திட்டம்! நம் கட்சி அதை மேடைக்கு மேடை தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். செனட்டில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் அவரோடு நின்றார்கள்.

வாஷிங்டன் தலைவர்கள் ஒரே குரலிலாவது பேசினார்களா? செப்டம்பரில் நம் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாம் 15 வாரங்களுக்குப் பிறகு நாடு முழுவதும் தடை என்று மசோதா கொண்டுவந்தார். அப்போது செனட்டில் நம் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானலோ, தன் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் இதை மாநிலங்களுக்கு விடுவதையே விரும்புவதாகச் சொன்னார்.

முடிவு உங்களுக்குத் தெரியும். நூற்றுக்கு 56 பேருக்கு மேல் மூன்றாம் முன்மொழிவை ஆதரித்தார்கள். விட்மர் மீண்டும் ஆளுநரானார். மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ஆளுநர் பதவியும் ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருசேர ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போயின.

இப்போது சில கட்சிப் பெரியவர்கள், மதத்தைப் பேசுகிறவர்களால்தான் தோற்றோம், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள் என்கிறார்கள். அவர்களுக்கு 1972-ஐ நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்த நவம்பரில் இதே மிச்சிகனில், 20 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. அன்றைய ஆளுநர் மில்லிகன் குடியரசுக் கட்சிக்காரர், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர். அப்படியும் நூற்றுக்கு 60 பேர் வேண்டாம் என்றார்கள். ஆளுநரே எதிர்ப்பக்கம் நின்ற காலத்தில், கூச்சப்படாமல் அந்தப் பேச்சை எடுத்தவர்கள் வென்றார்கள்.

அதே வரலாறு என்னையும் குத்துகிறது. 1973-க்குப் பிறகு நாம் மக்களிடம் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டோம். நல்ல அதிபரைத் தேர்ந்தெடுத்தால் அவர் நல்ல நீதிபதியை நியமிப்பார், அவர் நல்ல தீர்ப்புக் கொடுப்பார் என்று எல்லாவற்றையும் கட்சியின் கையில் ஒப்படைத்தோம். 1992-இல் ரோ தீர்ப்பின் அடிப்படையைக் காப்பாற்றிய ஐந்து நீதிபதிகளும் நம் கட்சி அதிபர்கள் நியமித்தவர்களே. அப்போதே விழித்திருக்க வேண்டும். நானும் தேர்தல் வந்தால் வாக்களித்தேன், தொடர்பு விட்டுப்போன அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

நீ கட்சி மாறிவிடுவாயா என்று சிலர் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். மாற மாட்டேன். எதிர்க்கட்சி இந்த விஷயத்தில் நிற்கும் இடத்தில் என் மனசாட்சி நிற்காது. ஆனால் வேறு போக்கிடம் இல்லாதவள் என்று என் வாக்கைக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளும் வேட்பாளருக்கு, இனி ஒரு சனிக்கிழமையைக்கூடக் கொடுக்க மாட்டேன். அந்த இளம்பெண்ணின் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்பேன்.

2023 ஜனவரி 20 அன்று வாஷிங்டனில் நடக்கும் உயிர் காக்கும் பேரணிக்கு எங்கள் சபையிலிருந்து பஸ் புறப்படுகிறது. அந்த அம்மாவும் வருகிறார். பேரணி முடிந்ததும் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், மாதம் 700 டாலர் திட்டத்தை ஆதரிக்கிறாரா இல்லையா என்று எழுத்தில் கேட்கப் போகிறோம். என்ன சொன்னார்கள் என்பதை அடுத்த வீடியோவில் அப்படியே சொல்கிறேன்.

இன்னொன்று. மையத்தில், புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கான டயப்பர் நிறைய இருக்கிறது, மூன்றாம் அளவு தீர்ந்துவிட்டது. அருகில் இருப்பவர்கள் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிறகு கொண்டுவந்து தாருங்கள், நான் அங்கே இருப்பேன்.