செய்மதிக்கு வந்த போட்டி ஒட்டுசுட்டானுக்கும் வருமா?

நேயர்களுக்கு அன்பு வணக்கம். செய்மதித் தொடர்பில் போட்டி வந்த கதையையும், அதன் பயன் நம் கிராமங்களுக்கும் வருமா என்பதையும் இன்று பேசுவோம்.

தொண்ணூறுகளின் நடுவில் வன்னியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேச வேண்டுமென்றால் பாஸ் என்ற பயண அனுமதி எடுத்து வவுனியாவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கொமினிகேஷன் கடையில் வரிசை. என் அம்மா ஒருமுறை மூன்று நிமிடம் பேசினார். முதல் நிமிடம் அழுகையிலேயே போய்விட்டது. மிச்சத்தை மீற்றரைப் பார்த்தபடி பேசி முடித்தார்.

அந்த மூன்று நிமிடத்துக்கு ஏன் அவ்வளவு காசு? தூரம் ஒரு காரணம்தான். பெரிய காரணம், வாசல் ஒன்றே ஒன்றாக இருந்தது. நாட்டுக்குள் சர்வதேச அழைப்புகள் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. வானத்திலும் நெடுங்காலம் அதே கதைதான். 1964இல் 11 நாடுகள் சேர்ந்து இன்டெல்சாட் என்ற செய்மதித் தொடர்பு அமைப்பைத் தொடங்கின. அடுத்த வருடம் ஏவிய முதல் செய்மதி 240 தொலைபேசி இணைப்புகளைத் தாங்கியது. பின்னர் இன்னொருவர் சர்வதேசச் சேவைக்குச் செய்மதி விடுவதென்றால், அதனால் இன்டெல்சாட்டுக்குப் பெரிய நட்டம் வராது என்று காட்ட வேண்டியிருந்தது. சந்தையில் புதுக்கடை போட வந்தவர், பழைய கடைக்காரரின் வியாபாரம் கெடாது என்று முதலில் நிரூபிப்பது போல.

1984இல் தொடங்கிய பனாம்சாட் என்ற தனியார் நிறுவனம் 1988இல் தன் முதல் செய்மதியை ஏவி அந்தக் கதவைத் தட்டியது. 2000இல் அமெரிக்கா, இன்டெல்சாட்டைத் தனியார்மயமாக்க வலியுறுத்தும் சட்டம் கொண்டு வந்தது. 2001 ஜூலையில் இன்டெல்சாட்டே தனியார் நிறுவனமானது. கட்டணம் குறைந்ததற்குக் கடலடிக் கேபிள்களும் பெரிய காரணம், அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் பழைய ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. அழைப்புகள் குவியும் பணக்கார நாட்டுக்கும், எப்போதாவது பேசும் ஏழை நாட்டுக்கும் ஒரே சேவைக்கு ஒரே கட்டணம். அது போய்விடக்கூடாது என்ற பயத்தில், தனியார்மயமாக்கியபோது உறுப்பு நாடுகள் ஒரு சிறிய அமைப்பை விட்டுவைத்தன. செய்மதியை நம்பியிருக்கும் நாடுகளைப் புது நிறுவனம் கைவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இந்தச் சீர்திருத்தத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

சரி, நம் பக்கம் வருவோம். 2002இல் ஏ9 பாதை திறந்தது. அதே வருடம் சர்வதேச அழைப்பின் ஏகபோகமும் முடிந்தது. அப்புறம் 2024இல் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பின் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவை தொடங்கியது. பழைய செய்மதிகள் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தன. அதனால்தான் ஹலோ சொன்னால் பதில் வரத் தாமதமாகி, இரண்டு குரலும் மோதும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றரில் சுற்றுகின்றன. கைத்தொலைபேசி ரவர் எட்டாத காட்டோரக் கிராமத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் மாதம் பத்தாயிரம் ரூபாவுக்கு மேல் கட்ட, கூலிக்குக் கச்சான் பிடுங்கும் குடும்பத்தால் முடியுமா? ஒரு நிறுவனம் மட்டும் வந்து நின்றால் அதைப் போட்டி என்றும் சொல்ல முடியாது. ஆகவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த நிறுவனங்களுக்கும் வழி விடுங்கள். அனுமதிப்பத்திரத்திலேயே ஒரு கடமையை எழுதுங்கள்: முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான், துணுக்காய் போன்ற இடங்களின் பாடசாலைகளுக்கும் கிராமத்து வைத்தியசாலைகளுக்கும் தாங்கக்கூடிய கட்டணத்தில் இணைப்பு. உலக நாடுகள் 2001இல் தங்களுக்காகக் கேட்டு வாங்கியதைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

வணக்கம்.