ஆறு மாதக் கெடு

(சட்ட விழிப்புணர்வு முகாம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் ஒரு கொத்தனார் மனைவியோடு என்னைப் பார்க்க வந்தார். பைக்கில் போனவரை வேன் இடித்து, வலது முழங்காலில் பிளேட் வைத்திருந்தார்கள். அந்தம்மா மஞ்சப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு கட்டு மருந்துக்கடை பில். பில்லில் பாதி வெறும் வெள்ளைத்தாள். அந்த வழவழப்புத் தாளில் எழுத்து நிற்காது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். விபத்து நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "நடக்க ஆரம்பிச்சதும் வரலாம்னு இருந்தோம் சார்" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் இழப்பீட்டு மனு போடுவதற்கான கெடு, ஆறு மாதம், முடிந்திருந்தது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் தொடக்கத்திலேயே ஆறு மாதக் கெடு இருந்தது. அடிபட்டுக் கிடப்பவனிடம் கெடு பேசுவது சரியில்லை என்று 1994-ல் எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தம் அதை மறுபடி கொண்டுவந்தது; 2022 ஏப்ரல் 1 முதல் அமல். முன்பாவது, தகுந்த காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்க வழி இருந்தது. புதிய பிரிவில் அந்த வரியே இல்லை.

வேகமாக வழக்கை முடிக்கத்தான் இந்தச் சீர்திருத்தம் என்கிறார்கள். அதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. 2022 விதிகளின்படி விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கை தர வேண்டும். 90 நாளில் விரிவான அறிக்கை, இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். இதை ஒழுங்காக நடத்தச் சொல்லி 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக உத்தரவு போட்டது. இது மட்டும் சொன்னபடி நடந்தால் கொத்தனார் என் படியேறவே வேண்டாம். போலீஸ் 90 நாளைத் தாண்டினால் மெமோ வரும், வராமலும் போகும். அடிபட்டவன் ஆறு மாதத்தைத் தாண்டினால் வழக்கே போகும். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

சரி, அவர் மனு என்ன ஆயிற்று? காலக்கெடு தாண்டியது என்று நம்பர் ஆகாமல், அதாவது வழக்காகப் பதிவாகாமல், கிடந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் முடியும்வரை தாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டது. அப்புறம்தான் நம்பர் ஆனது. இடைக்கால உத்தரவை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். இன்னொன்று: மனுவைப் போட விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

அடுத்தது ஊனக் கணக்கு. மெடிக்கல் போர்டு அவருக்கு 30 சதவீத ஊனம் என்று கொடுத்தது. வயது 32, அதற்குப் பெருக்கு எண், அதாவது வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண், 16. மாதம் 15,000 வருமானம் என்றால் வருடத்துக்கு 1,80,000. 16-ஆல் பெருக்கினால் 28,80,000. அதில் 30 சதவீதம் 8,64,000 ரூபாய். ஆனால் அவர் சாரத்தில் ஏற முடியாது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல் வைக்க முடியாது. அவருடைய தொழிலுக்கு அது 60 சதவீத இழப்பு என்பது எங்கள் வாதம். 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகிறது, அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். உடம்பின் ஊனம் வேறு, வருமான இழப்பு வேறு. ஆகவே என்ன வேலை செய்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். மேஸ்திரி ஒருவர் கூண்டேறிச் சொன்னாலே பெரிய பலம்.

கடைசியாக ஒன்று. கொடுங்காயத்துக்கு யார் தவறு என்று நிரூபிக்காமலே இரண்டரை லட்சம் கிடைக்கும் பிரிவு ஒன்று, 164, இருக்கிறது. இன்சூரன்ஸ் தரப்பு அந்தத் தொகையோடு சமரசத்துக்கு வந்தால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். கொத்தனார் வீட்டுக்கும் ஆள் வந்தது. அந்தம்மா, "வக்கீல்கிட்ட கேட்டுட்டுச் சொல்றோம்" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த வாய்தாவில் டாக்டர் சாட்சி.