ஒருவரும் காணாத இடத்தில் பரிசுத்தம்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

மாரிமழையில் விளையும் காலபோக நெல்லின் அறுவடையும் லெந்து நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்துசேரும் இந்த வன்னி மண்ணில், பரிசுத்த வாழ்வைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டபோது, நம்மில் பலர் வாசிக்காமலே புரட்டிவிடும் லேவியராகமத்தையே நான் எடுத்துக்கொண்டேன். அதன் 19ஆம் அதிகாரத்தில், "உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தேவன் கட்டளையிடுகிறார். பேதுரு தம்முடைய முதலாம் நிருபத்தில் சபைக்கு நினைப்பூட்டுவதும் இதையே. இவ்வளவு உயரத்தில் தொடங்கும் அதிகாரம் சில வசனங்களுக்குள் வயலில் இறங்கிவிடுகிறது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை என்கிறது. அதன்பின் கூலியைப் பற்றிப் பேசுகிறது. முடிவில் தராசுக்கும் படிக்கும் வந்து சேருகிறது.

நம்முடைய சபைகளிலோ பரிசுத்தத்தைப் பற்றிய பிரசங்கம் பெரும்பாலும் சினிமா, நகை, குடி என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. கசிப்பு என்னும் கள்ளச்சாராயத்தினால் அழிந்த வீடுகளை அறிந்தவன் என்பதால், குடியைப் பற்றிப் பேசவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குடிக்காத ஒருவர், அந்த ஒரு காரணத்தினாலேயே தம்மைப் பரிசுத்தவான் என்று எண்ணிக்கொண்டு நெல் மூட்டையை நிறுக்கப் போவதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது.

இந்த அதிகாரத்தின் 14ஆம் வசனத்தைச் சற்று நின்று கவனியுங்கள்: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கல்களை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக, நான் கர்த்தர்." செவிடன் தன்னை நிந்தித்த சொல்லைக் கேட்கமாட்டான், குருடன் தன் வழியில் கல்லை வைத்தவன் யாரென்று அறியமாட்டான், ஆகவே முறைப்பாடும் இல்லை, சாட்சியும் இல்லை, ஊரில் பெயர் கெடப்போவதும் இல்லை. அப்படியிருக்க, அவனுக்குத் தீங்கு செய்யாமல் என்னைத் தடுப்பது எது? "நான் கர்த்தர்" என்ற அந்த இரண்டு சொற்கள் மாத்திரமே. தேவனோடு வாழ்வது என்று நாம் சொல்வது மெய்தானா என்பது ஒருவரும் காணாத அந்த இடத்தில்தான் தெரியவரும். (போரில் கண்ணையும் காலையும் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் ஊர்களில், சாய்தளம் இல்லாத படிகளை வைத்து ஆலயம் கட்டுகிறவர்களும் இந்த வசனத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது.)

கோடையில் செய்யும் சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது என்பதால், எவ்வளவு நிலம் விதைப்பது என்று கூட்டம் கூடித் தீர்மானித்து, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். நடுச்சாமத்தில் அயலவனுடைய முறையில் தன் வயலுக்கு வாய்க்காலைத் திறந்துவிடுகிறவன் ஞாயிற்றுக்கிழமை பாடும் பாட்டைத் தேவன் எப்படிக் கேட்பார்? ஈரப்பதன் என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை நியாயத்துக்கு மிஞ்சிக் கழிக்கும் வியாபாரி, எழுத்தறியாத விதவையின் நெல்லையும் அப்படித்தானே கழிக்கிறார்?

கூலியைப் பற்றிய கட்டளை இன்னும் கடுமையானது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது வேதம். நம்முடைய வயல்களில் கூலிக்கு நிற்கிறவர்களில் பலர், 1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களை வந்தவர்கள் என்றே பேசுகிறவர்கள் நம் நடுவில் உண்டு, சபைக்குள்ளும் உண்டு. அந்நியனைச் சுதேசிபோல எண்ணி அவனில் அன்புகூரச் சொல்லும் தேவன், நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்று காரணமும் காட்டுகிறார். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்று, வேறொருவர் அளந்து கொடுத்ததை வாங்கிய கைகள் நம்முடையவை. மீட்கப்பட்டவனிடம்தான் தேவன் நியாயமான தராசைக் கேட்கிறார். தராசைச் சரிசெய்து மீட்பை வாங்கிவிட ஒருவராலும் ஆகாது.

இதற்கெல்லாம் உலகத்தை விட்டு ஒதுங்க வேண்டுமோ என்று கேட்பவர்களுக்கு ஆதியாகமத்தில் வரும் ஏனோக்கைக் காட்டுவேன். அவன் 300 வருஷம் தேவனோடே சஞ்சரித்தான் என்று சொல்லும் அதே வசனம், அக்காலத்தில் அவன் குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான் என்றும் சொல்கிறது.

அநியாயமாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் முறையையும் லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, குற்றநிவாரணபலியைச் செலுத்தும் நாளிலேயே அதை உரியவனிடம் கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு நமக்குத் திருவிருந்து ஆராதனை. இந்தப் போகத்தின் அறுவடைக் கூலியில் மிச்சம் வைத்திருக்கிறவர்கள் சனிக்கிழமை பொழுதுபடுமுன் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நெல்லில் நியாயத்துக்கு மிஞ்சிக் கழித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.